கம்பியில்லாத் தந்தியும் பேராக் மண்ணும்

ஈயமும் இரப்பரும் பேராக் மாநிலத்தின் இரு கண்களாக விளங்கிய காலத்தில், தோட்டத்துச் சிறுவனின் தொழிற்கல்வி பால்வெட்டுக் கத்தியோடு தொடங்கி அதனோடேயே முடிந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கப் பணித்ததாயினும், அப்பள்ளிகள் எழுத்துக்கும் எண்ணுக்கும் அப்பால் அதிகம் செல்லவில்லை. மின்னணுக் கலையின் முதற்படியாகிய கம்பியில்லாத் தந்தி இம்மண்ணின் இளைஞரைப் பள்ளி வழியாக எட்டவில்லை. போர் வழியாகவே எட்டியது.

1942இல் வழக்கறிஞர் என். இராகவன் பினாங்கில் சுயராஜ்ய நிலையத்தைத் தோற்றுவித்தார். மலாயா வாழ் இந்திய இளைஞர் அங்கே ஒற்றுக்கலையோடு செய்தியனுப்பும் முறையும் பயின்றனர். புள்ளியும் கோடுமாக வரும் ஒலியைச் செவியாற் பிரித்து எழுத்தாக்குவது எளிய பயிற்சியன்று; செவியும் கையும் ஒன்றுபட நாள்தோறும் பழகவேண்டும். கற்றதைக் காட்டக் கிடைத்த களமோ கொடிது. 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டோர் பிடிபட்டனர். வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

அதே 1943இல் தைப்பிங்கில் சுபாஸ் படைப்பிரிவு அமைந்தது. தோட்டத் தமிழரும் பெருந்தொகையினராய் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். எனினும் அவர்களுட் பலருக்குக் கிட்டியது துப்பாக்கியே. செய்திக்கருவியோ ஆங்கில எழுத்தறிந்தவரையே நாடியது. தோட்டப் பள்ளி வைத்த குறை படைமுகாமிலும் தொடர்ந்தது எனலாம்.

எதிரணியிலும் இக்கலையே உயிர்நாடி. புனேக்கு அருகே கடக்வாஸ்லாவிற் பயின்ற சீன இளைஞருடன் ஜான் டேவிஸ் 1943 மே மாதம் பேராக் கரையில் இறங்கினார். லிம் போ செங் அவ்வாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தார். பீடோர் மலைக்காட்டில் பாசறை அமைந்தது; ஈப்போவில் வணிக நிலையம் என்னும் போர்வையில் ஒற்றர் கூடினர். ஆயின், கனமிக்க வானொலிப் பொறியை மலைமேற் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாயிற்று. காட்டின் ஈரம் கருவியைக் கெடுக்கும். மின்கலம் வற்றினால் மின்னேற்ற வழி தேடவேண்டும். இலங்கையிலிருந்த தலைமையகத்தோடு தொடர்பு கிட்டியது 1945 பிப்ரவரியில்தான். ஏறத்தாழ இருபது மாதங்கள் அம்மலை ஊமையாயிருந்தது. லிம் போ செங் அதைக் காணவில்லை. 1944 ஜூன் 29இல் பத்து காஜா சிறையில் மாண்டார்.

தொடர்பு கிட்டியபின் வானிலிருந்து ஆளும் ஆயுதமும் இறங்கலாயின. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. காட்டுப் படையினர் வெற்றி அணிவகுப்பில் நடந்தனர். இந்திய தேசிய இராணுவத்தார் பெற்ற பயிற்சிக்குச் சான்றிதழ் வழங்க அவர்களுடைய அரசு எஞ்சியிருக்கவில்லை. தோட்டத்திலிருந்து சென்றவர் பலரை மீண்டும் அழைத்தது பால்வெட்டும் நிரைதான்.