விற்பனை, வாசகர், டி.ஆர்.பி: ஊடகக் கணக்குகளைப் புரிந்துகொள்வோம்

"நம்பர் 1 நாளிதழ்", "அதிகம் பார்க்கப்படும் செய்திச் சேனல்" என்ற விளம்பரங்களை அடிக்கடி பார்க்கிறோம். சில நேரங்களில் இரண்டு சேனல்கள் ஒரே வாரத்தில் முதலிடம் தமக்கே என்கின்றன. இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; ஒவ்வொன்றும் தனக்குச் சாதகமான கணக்கை எடுத்துக் காட்டியிருக்கலாம். இந்தக் கணக்குகளை வைத்தே விளம்பரப் பணம் பங்கிடப்படுகிறது. எனவே இவற்றில் புழங்கும் சொற்களை நாம் அறிந்திருப்பது அவசியம்.

விற்பனை எண்ணிக்கை (சர்குலேஷன்): ஒரு பத்திரிகை எத்தனை பிரதி விற்றது என்ற கணக்கு. அச்சிட்ட பிரதிகள் அனைத்தும் இதில் சேராது. இந்தியாவில் 1948 முதல் ஏ.பி.சி. என்ற அமைப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் தணிக்கை செய்து சான்றளிக்கிறது.

வாசகர் எண்ணிக்கை (ரீடர்ஷிப்): டீக்கடையில் கிடக்கும் ஒரே பத்திரிகையைப் பத்துப் பேர் படிக்கலாம். விற்பனை ஒன்று, வாசகர் பத்து. ஐ.ஆர்.எஸ். எனப்படும் இந்திய வாசகர் ஆய்வு வீடு வீடாகக் கேட்டு இதைக் கணக்கிட்டு வந்தது. இதிலும் இரண்டு வகை உண்டு. நாளிதழை "நேற்று படித்தேன்" என்பவர்கள் சராசரி இதழ் வாசகர்கள். "கடந்த ஒரு மாதத்தில் படித்தேன்" என்பவர்களையும் சேர்த்தால் மொத்த வாசகர்கள். இரண்டாவது எண் பெரிதாக இருப்பது இயல்பே. விளம்பரத்தில் எது அச்சிடப்பட்டிருக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

ரேட்டிங், ஷேர்: தொலைக்காட்சி உள்ள 100 வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் 50 வீடுகளில் டி.வி. ஓடுகிறது, அவற்றில் 10 வீடுகள் ஒரு சேனலைப் பார்க்கின்றன. அதன் ரேட்டிங் 10, ஷேர் 20. இரண்டும் உண்மையே.

டி.ஆர்.பி.: 2015 முதல் பார்க் இந்தியா அமைப்பு இந்த அளவீட்டை வெளியிடுகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் பொருத்தி, சேனல் ஒலியில் கலந்துள்ள, காதுக்குக் கேட்காத குறியீட்டை அது பதிவு செய்கிறது. கோடிக்கணக்கான வீடுகளுக்காகப் பேசுபவை இந்தச் சில பத்தாயிரம் வீடுகளே. எனவே சில வீடுகளை வளைத்தாலும் முடிவு மாறிவிடும். அப்படி நடந்ததாக 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் வழக்குத் தொடுத்தபோது, செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை பார்க் நிறுத்தி வைத்தது. 2022 மார்ச்சில்தான் அது மீண்டும் வெளிவந்தது.

ரீச், ஜி.ஆர்.பி.: ஒரு விளம்பரத்தை ஒரு முறையேனும் பார்த்தவர்களின் சதவீதம் ரீச். அவர்கள் சராசரியாக எத்தனை முறை பார்த்தார்கள் என்பதால் அதைப் பெருக்கினால் ஜி.ஆர்.பி. 40 சதவீதம் பேர் 3 முறை பார்த்தால் 120.

சி.பி.எம்.: ஆயிரம் பேரைச் சென்றடைய ஆகும் செலவு. 50,000 ரூபாய் விளம்பரத்தை 2 லட்சம் பேர் பார்த்தால், ஆயிரம் பேருக்கு 250 ரூபாய்.

இலக்குப் பிரிவு: எல்லோருடைய பார்வைக்கும் ஒரே விலை கிடையாது. என்.சி.சி.எஸ். என்ற முறையில், குடும்பத்தின் முதன்மை வருவாய் ஈட்டுபவரின் கல்வியையும், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கார், விவசாய நிலம் உள்ளிட்ட 11 உடைமைகளில் எத்தனை அவ்வீட்டில் உள்ளன என்பதையும் வைத்து வீடுகள் தரம் பிரிக்கப்படுகின்றன. விலை உயர்ந்த பொருளை விற்பவருக்கு மேல்தட்டு வீடுகளே வேண்டும். ஏழை வீடுகளின் பிரச்சினைகள் திரையில் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சொற்கள் எல்லாம் எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன விலை என்பதை மட்டுமே சொல்கின்றன. செய்தி உண்மையா என்று இவற்றில் எதுவும் அளப்பதில்லை. கோபத்தில் பார்த்தாலும் கணக்கில் அது பார்வைதான். திட்டிக்கொண்டே பார்க்கும் விவாதத்துக்கும் ரேட்டிங் ஏறும். ஆகவே "முதலிடம்" என்ற விளம்பரத்தைக் கண்டால் நான்கு கேள்விகள் கேட்போம்: எந்த அளவீட்டில்? யாரிடையே? எந்தக் காலத்தில்? அளந்தது யார்? பதில்கள் பெரும்பாலும் அதே விளம்பரத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும்.