இருபத்தொருவர் சென்ற கப்பல்



செண்டாயான் வட்டாரத் தோட்டப்புறக் குடும்பங்களில், கப்பல் என்றதும் முதியோர் நினைவுக்கு வருவது ‘ரஜூலா’தான். 1926-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற அக்கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோரைத் தளத்தில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மலாயாக் கரையை அடைந்தது. அது பிழைப்புத் தேடி வந்தோரின் கப்பல். அறிவைத் தேடித் தென்துருவத்திற்குச் சென்ற ஒரு சிறிய கப்பலின் வரலாற்றையும் நம் மாணவர்கள் அறிதல் வேண்டும். அதன் பெயர் ‘போலார் சர்க்கிள்’.

1981-ஆம் ஆண்டு திசம்பர் 6-ஆம் நாள், இந்தியாவின் முதல் அண்டார்டிகா ஆய்வுக் குழு கோவாவிலிருந்து புறப்பட்டது. குழுவில் இருந்தோர் 21 பேர். தலைமையேற்றவர் கடலாய்வு அறிஞர் முனைவர் சையது சகூர் காசிம். அப்போது துருவக் கடலில் செல்லத்தக்க கப்பல் இந்தியாவிடம் இல்லை. ஆகவே நோர்வே நாட்டுக் கப்பலான போலார் சர்க்கிள் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. பயணம் மறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. கரையிறங்கிய பின்னரே உலகம் அதனை அறிந்தது.

பனிக்கடலில் செல்லும் கப்பல்களின் அமைப்பே தனி. அவற்றின் உடற்பகுதியில் தடித்த எஃகுத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. உட்புறச் சட்டங்கள் நெருக்கமாக அமைகின்றன. எனினும் அத்தகைய கப்பலும் எல்லாப் பனியையும் தாங்கிவிடாது. 1969-இல் துருவச் சுற்றுலாவுக்கென்றே கட்டப்பெற்ற ‘எக்ஸ்புளோரர்’ என்னும் சிறு கப்பல், பல்லாண்டு காலம் பனிக்கடலில் உலவிய பின், 2007-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அண்டார்டிகா அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் ஏறிப் பிழைத்தனர். பின்னர் நடந்த விசாரணை, அதன் தலைவர் பால்டிக் கடற்பனியில் பழகியவர் என்றும், அண்டார்டிகாவின் பனியைச் சரியாக மதிப்பிடவில்லை என்றும் கூறியது. ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்திற்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இத்தகைய சிறு கப்பலில் வாழ்வது எளிதன்று. தெற்கே நாற்பதாம் அட்சரேகையைக் கடந்ததும் காற்றைத் தடுக்க நிலப்பரப்பு அதிகம் இல்லாமையால், அலைகள் மலைபோல் எழும். உணவு மேசையின் விளிம்பில் தடுப்பு இல்லையேல் தட்டுகள் கீழே விழும். கட்டி வைக்காத பொருள் உருண்டோடும். புதிய காய்கறிகள் தீர்ந்துவிட்டால் உறையவைத்ததும் டப்பாவில் அடைத்ததுமே உணவு. மாலுமிகள் மணிக்கணக்கில் முறைவைத்துக் காவல் நிற்பர். பனிப்பாறையைக் கண்காணிக்கும் கண்கள் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். தென்துருவக் கோடையில் இரவு என்பதே இல்லாத நாள்களில், உறங்கும் நேரத்தைக் கடிகாரமே சொல்ல வேண்டும். பல துறையினர் ஒரே இடத்தில் உண்டு, ஒரே இடைவழியில் நடந்து, வாரக்கணக்கில் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கே வீடும் அதுவே, பணிமனையும் அதுவே.

கோவாவிலிருந்து 34 நாள்கள் கழித்து, 1982 சனவரி 9-ஆம் நாள் அக்குழு அண்டார்டிகாவில் கால் பதித்தது. ஏறத்தாழ பத்து நாள்கள் அங்குத் தங்கி ஆய்வு செய்தது. தானாக இயங்கும் வானிலைக் கருவியையும் நிறுவியது. பிப்ரவரி 21-ஆம் நாள் கோவா திரும்பியது. மொத்தம் 77 நாள்கள்.

இப்பயணத்தால் விளைந்த பயன் யாது? அண்டார்டிகா எந்த ஒரு நாட்டின் ஆட்சியிலும் இல்லை. 1959-இல் 12 நாடுகள் கையொப்பமிட்ட அண்டார்டிகா உடன்படிக்கையின் வழியே அது நிருவகிக்கப்படுகிறது. பின்னர் இணையும் நாடு, அங்கே ஆய்வு நிலையம் அமைத்தல், ஆய்வுக் குழுவை அனுப்புதல் போன்ற கணிசமான அறிவியற்பணியைச் செய்து காட்டினால்தான் முடிவெடுக்கும் உரிமையைப் பெறும். இந்தியா 1983 ஆகத்து 19-இல் உடன்படிக்கையில் இணைந்தது; ஒரு மாதத்திற்குள், செப்டம்பர் 12-இல், அவ்வுரிமையையும் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் புறப்பட்ட மூன்றாவது குழுவில் சுதிப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்னும் இரு பெண் அறிவியலாளர்கள் இடம்பெற்றனர். அக்குழுவே ‘தட்சிண கங்கோத்ரி’ என்னும் முதல் நிலையத்தை அமைத்தது. 2024-இல் உடன்படிக்கை நாடுகளின் ஆண்டுக்கூட்டம் கொச்சியில் நடைபெற்றது.

நம் நாடு வேறொரு வழியில் சென்றது. 1982-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது அண்டார்டிகாவைப் பற்றிப் பேசினார். அது மனிதகுலம் அனைத்திற்கும் உரியது. சில நாடுகள் மட்டும் கூடி அதன் எதிர்காலத்தை முடிவு செய்வது முறையாகாது என்பதே மலேசியாவின் வாதம். எண்ணிப் பாருங்கள்: கப்பல் அமர்த்தவும் நிலையம் கட்டவும் பெரும்பணம் வேண்டும். பணமுள்ள நாட்டிற்கு மட்டுமே குரல் என்றால், ஏழை நாடுகளின் நிலை என்ன? இக்கேள்வியை உரக்கக் கேட்டது நம் நாடு.

கேட்டதோடு நின்றுவிடவில்லை. 1990-களின் இறுதியிலிருந்து மலேசிய ஆய்வாளர்கள் பிற நாடுகளின் நிலையங்களில் இடம்பெற்று ஆய்வு செய்யலாயினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம் உருவாயிற்று. 2011 அக்டோபர் 31-ஆம் நாள், தான் முன்பு குறைகூறிய அதே உடன்படிக்கையில் மலேசியாவும் இணைந்தது. 2016-இல் அண்டார்டிகா அறிவியலாளர்களின் பன்னாட்டு மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

ஒரு நாடு முதலில் சென்றது. மற்றொரு நாடு முதலில் கேட்டது. இரண்டும் இறுதியில் ஒரே அவைக்குள் நுழைந்தன. கேள்வி மட்டும் இருந்து ஆய்வு இல்லையேல் அவ்வுரிமை கிட்டாது. ஆய்வு மட்டும் இருந்து கேள்வி இல்லையேல் நீதி பிறக்காது. நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்பித்தல் நம் கடமை.

ஆசிரியர்கள் வகுப்பில் உலக உருண்டையைக் காட்டும்போது அதனைச் சற்றுத் தலைகீழாகத் திருப்பி, அடியிலுள்ள வெண்ணிறக் கண்டத்தையும் காட்டுங்கள். கோவாவிலிருந்து அவ்விடத்திற்கு நூலைப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். 10,000 கிலோமீட்டருக்கும் மேல் வரும். பெற்றோர்களே, உங்கள் இல்லத்தில் ரஜூலாவில் வந்தவரின் கதை இருந்தால், அதனைச் சொல்லிவிட்டு இக்கதையையும் சொல்லுங்கள். தாத்தா பாட்டியின் கப்பல் நம்மை இம்மண்ணில் சேர்த்தது. அடுத்த கப்பலில் ஆய்வாளராக ஏறும் தகுதியைப் பள்ளிக்கூடமே தரவல்லது.