சுடலையும் கிணற்றடியும்

கண்களை முற்றாக மறைக்கும் ஒரு கருவியைத் தலையில் அணிந்துகொண்டு, இருந்த இடத்திலிருந்தே கடலின் அடியிலும் சந்திரனின் தரையிலும் உலாவி வரலாம் என்பதை இன்று கிராமத்துப் பிள்ளைகளும் அறிவர். இவ்வாறு தோற்றுவிக்கப்படும் உலகத்தை மெய்நிகர் உலகம் என்பர். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் கூரையிலிருந்து தொங்கிய தாங்கியோடு பிணைத்து அமைத்த தலைக்கருவியிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நான் யாழ்ப்பாணத்தவனாகையால் காங்கேசன்துறையிலிருந்து தொடங்குகின்றேன்.

நடிகமணி வி. வி. வைரமுத்து 1924இற் பிறந்து 1989இல் மறைந்தவர். அவருடைய வசந்த கான சபாவினர் ஆடிய மயான காண்டத்தைப் பற்றிப் பேசாத ஊர் அந்நாளிற் குடாநாட்டில் அரிது. மேடையில் இருந்தவை எவை? திரை, விளக்கு, ஆர்மோனியம், மிருதங்கம். சுடலையைக் காட்டுவதற்கு வேறு பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஆயினும், இறந்த மைந்தனோடு வந்து நிற்கும் சந்திரமதியிடம் சுடலை காக்கும் அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கும்பொழுது, பனையோலைப் பாயில் அமர்ந்திருந்தோர் யாவரும் சுடலையிலேதான் நின்றனர்.

சிறுவனாக அம்மம்மாவின் மடியில் உறங்கிவிட்ட நான், நள்ளிரவில் அவருடைய விம்மல் கேட்டு விழித்தது நினைவிருக்கின்றது. காய்ச்சலுக்கு ஒரு மகனைப் பறிகொடுத்தவர் அவர். வீட்டில் அவர் அழுது நான் கண்டதில்லை. மறுநாட் காலை கேட்டபோது, "லோகிதாசனுக்கல்லோ அழுதனான்" என்றார். கதையின் முடிவில் லோகிதாசன் எழுந்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். மங்களம் பாடியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு அயலவரோடு வீடு திரும்பலாம் என்பதும் தெரியும். உள்ளே புகுவதற்கு ஒரு வழியும், உள்ளே இருக்கும்போது துணையும், வெளியே வருவதற்கு ஒரு வழியும் அந்தக் கொட்டகையில் இருந்தன. காத்தவராயன் கூத்தும் அத்தகையதே. நேர்த்தி வைத்து ஆடப்படும் அக்கூத்தைக் காண்போர், வெறும் பார்வையாளராக அன்றி அடியவராகவே விடியும்வரை இருப்பர்.

பின்னர் வந்த ஆண்டுகளில் மனிதரின் தேவை மாறியது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராக ஆடப்பட்டது. அப்போது நான் மேல்வகுப்பு மாணவன். காட்சிச் சோடனையின்றி, நடிகரின் உடலாலும் குரலாலுமே வயலும் வீடும் வீதியும் எழுந்தன. 1990இல் மின்சாரம் நின்றது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்த இருளில்தான், 1991இல், போரினால் மனம் சிதைந்தோரைப் பற்றிய 'அன்னை இட்ட தீ' வந்தது. பிள்ளைகள் கடல் கடந்து சென்றபின் தனித்துவிட்ட முதியோரைப் பற்றிய 'எந்தையும் தாயும்' அதனைத் தொடர்ந்தது. இவ்வாசிரியர் 2025இல் மறைந்தார். அவருடைய நாடகங்களை இலக்கியம் என்று மட்டும் கற்பிப்பது போதாது என்பது என் கருத்து.

இதே காரியத்தை அமெரிக்காவிற் கருவிகொண்டு செய்தனர். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் அல்பேட் றிசோவும் அவருடன் பணியாற்றியோரும், ஈராக்கிற் போரிட்டு மனவடுவோடு திரும்பிய படைவீரருக்காக ஒரு மெய்நிகர் ஈராக்கை ஆக்கினர். வீதியும் வாகனமும் வெடியோசையும் அதில் உண்டு. ஆனால் அவை எவ்வளவு கேட்க வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதனை அருகில் இருக்கும் மருத்துவரே ஆளுகின்றார். நோயாளி அங்கே தனியனாக விடப்படுவதில்லை.

எங்கள் பாடசாலைக்கும் பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து இத்தகைய கருவிகள் நான்கினை அனுப்பியிருந்தார். பனிமலையைக் கண்டு ஒரு வாரம் பிள்ளைகள் மகிழ்ந்தனர். பின்னர் அவை அலுமாரிக்குட் சென்றன. அலுமாரிக்குள் உறங்கும் கருவிகளின் கதை அதிபர்கள் யாவரும் அறிந்ததே. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பினரிடம், "உங்களுக்கு எந்த இடத்திற்குப் போக வேண்டும்?" என்று எழுதித் தருமாறு கேட்டேன். கடல், விண்வெளி, இலண்டன் எனப் பலவும் வந்தன. ஒரு மாணவி, 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தன் அம்மம்மாவின் வீட்டை எழுதியிருந்தாள். காணி விடுவிக்கப்பட்ட வேளையிற் சென்று பார்த்தபோது அங்கே அத்திவாரக் கல்லும் இருக்கவில்லையாம்.

கணினி ஆசிரியரும் மாணவரும் அவ்வீட்டை ஆக்கித் தருவதென்று முடிவுசெய்து, அறை, விறாந்தை, ஓடு என வரையத் தொடங்கினர். அந்த அம்மாவிடம் முதலிற் கேளுங்கள் என்று தடுத்தேன். அவர் பாடசாலைக்கு வந்து, வரைந்திருந்த வீட்டை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கடதாசியைத் திருப்பி வைத்தார்.

"வீட்டை விடுங்கோ அதிபர். அதை நான் இனிப் பார்க்க மாட்டன். கிணத்தடியை மட்டும் செய்யச் சொல்லுங்கோ. துலாவும் ஆடுகாலும் வேணும். பக்கத்திலை இவள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும்."

பிள்ளைகள் இப்போது கிணற்றடியைச் செய்கின்றனர். துலா எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதில் அவருக்கும் அவருடைய தங்கைக்கும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.