ஆலய ஒழுங்கும் ஆலயச் சுவரும்

கிறிஸ்தவ சபைகளில் ஆராதனை ஒழுங்கைப் பற்றிப் பிரசங்கிப்போரும் எழுதுவோரும் தவறாது எடுத்தாளும் ஆதாரம் ஒன்றுண்டு. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்துச் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரமே அது. ஒரே வேளையில் பலர் எழுந்து பேசுவதும், பிறருக்கு விளங்காத பாஷைகளில் ஒருவரை ஒருவர் மிஞ்சிக் குரலெழுப்புவதும் அச்சபையில் வழக்கமாயிருந்தன. பேசுவோர் ஒருவர்பின் ஒருவராகவே பேச வேண்டும், பொருள் விளக்குவார் இல்லாவிடின் அடங்கியிருக்க வேண்டும், எதுவும் முறைதவறாது நடக்க வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளையின் சாரம். ஆலயத்தில் குழந்தை அழுதாலும், பாட்டு இரண்டு அடி நீண்டாலும், மூப்பர்கள் இவ்வதிகாரத்தையே கையிலெடுப்பர்.

ஆனால் அதே நிருபத்தில், அதற்கு மூன்று அதிகாரங்களுக்கு முன்னரே, அப்போஸ்தலர் இதனினும் கடுமையாகக் கண்டித்த ஒழுங்கீனம் வேறொன்று உண்டு. அதனை நினைப்பார் சிலரே.

கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே அமைந்த வியாபாரப் பட்டணம். ரோமரால் அழிக்கப்பட்டுக் கிடந்த அதனை ஜூலியஸ் ஸீஸர் கி.மு. 44ஆம் வருஷத்தில் புதுக்குடியேற்றமாக்கினார். விடுதலை பெற்ற அடிமைகளும், புதுப்பணம் படைத்த வணிகரும், கூலியாட்களும் அங்கே கலந்து வாழ்ந்தனர். பவுலின் நிருபம் சென்ற காலம் ஏறக்குறைய கி.பி. 55. அந்நாளில் கிறிஸ்தவர்களுக்கெனத் தனி ஆலயம் கிடையாது. வசதியுள்ளோர் வீடுகளிலேயே கூடுவர். கர்த்தருடைய இராப்போஜனம் என்பதும் இக்காலத்தைப்போல ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு ரசமுமாக முடிவதன்று. மெய்யாகவே உண்டு பசியாறும் விருந்தோடு சேர்ந்து நடந்தது. செல்வர் முந்தி வந்து தாம் கொணர்ந்ததைத் தாமே உண்டு, குடித்து மயங்கியும் கிடந்தனர். ஏழைகளோ பசியோடு பார்த்திருந்தனர். ஒன்றுமில்லாதாரை வெட்கப்படுத்தும் இக்கூட்டத்தைக் கர்த்தரின் பந்தி என்றழைக்கவே அப்போஸ்தலர் மறுத்துவிட்டார். கூச்சலிட்டோரைத் திருத்த முயன்றவர், பந்தியில் மேல் கீழ் வகுத்தோரை நியாயத்தீர்ப்பைச் சொல்லி அச்சுறுத்தினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்தால் தமிழ்நாட்டுச் சபைகளின் சரித்திரத்தில் பல விஷயங்கள் தெளிவாகும். இங்கே ஆராதனைக்கு ஒழுங்கு என்னும் பெயரால் நிலவியவற்றுள் ஒருவகை, பக்தியைக் காக்கும் பொருட்டு ஏற்பட்டது. பாதரட்சையை வாயிலில் கழற்றுதல், ஸ்திரீகள் முந்தானையால் தலை மூடுதல், ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே பாயில் அமர்தல் முதலியன இவ்வகையின. இவற்றால் மனம் நொந்தார் அரியர். மற்றொரு வகை, அந்தஸ்தைக் காக்கும் பொருட்டு ஏற்பட்டது. அதன் கதையே வேறு.

புதுச்சேரியில் 1745ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆதலின் இரு கட்சியிலும் சேராது, பக்கத்து வீட்டுக் கலகத்தைப் பார்ப்பவர்போல் எழுதுகிறார். அவ்வூர் ஆலயத்துள் ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் என அக்காலத்தார் எழுதிய ஆதி திராவிடக் கிறிஸ்தவர், மறுபுறம் ஏனையோர். காரைக்காலினின்றும் வந்த பாதிரியார் ஒருவரிடம் ஆதி திராவிடர்கள் சென்று, யாவரும் தேவனுடைய பிள்ளைகளானால் இச்சுவர் எதற்கு என்று முறையிட்டனர். அம்முறையீடு நியாயமென்று கண்ட பாதிரியார் சுவரை இடிப்பித்தார். அம்மட்டில் நில்லாது, அடுத்து ஆலயத்துக்கு மெல்லிய ஆடையும் நகைகளும் வாசனைத் திரவியங்களுமாக வந்த செல்வர் வீட்டு மங்கை ஒருத்தியைச் சபைநடுவே கடிந்து பேசிவிட்டார். மேற்குலத்தார் கொதித்தெழுந்தனர். விவகாரம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை சென்றது.

இதில் அப்பாதிரியார் செய்தவை இரண்டு. சுவரை இடித்தது கொரிந்து நிருபத்தின் 11ஆம் அதிகாரத்துக்கு இசைந்ததே. ஒரு பெண்ணைப் பலர்முன் தலைகுனியச் செய்ததோ அதே அதிகாரத்துக்கு மாறானது. வெட்கப்படுத்துதல் எவ்விடத்தும் ஒன்றே. நல்ல காரியத்தோடு தேவையற்ற கடுமை சேர்ந்தபடியால் எதிர்த்தோர்க்கு நல்லதொரு சாக்கு அகப்பட்டது. நம் சீர்திருத்தக்காரர் பலர்க்கும் இக்குணம் உண்டு.

சுவரே கூடாதென்று மேலிடத்தார் யாவரும் கருதினர் என்றும் எண்ணலாகாது. 1606ஆம் வருஷம் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி முதலாக, மேற்குலத்தாரின் ஆசாரத்தோடு இசைந்து நடப்பதே அத்தேசத்துச் சேசு சபையாரின் மார்க்கமாயிருந்தது. ஆதி திராவிடர்க்கெனத் தனிக் குருமார் இருக்கும் ஏற்பாட்டைப் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் 1744இல் அங்கீகரித்தார். புதுச்சேரிச் சுவர் இடிந்தது அதற்கு அடுத்த வருஷம்.

தரங்கம்பாடியில் நடந்ததும் இதற்கு வெகுதூரம் அன்று. ஸீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் 1706இல் அங்கே இறங்கினர். 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவமானது, இன்றும் நிற்கிறது. அச்சபையிலும் குலத்தார் கலவாது பிரிந்தே அமர்ந்தனர். இருக்கையைக் காட்டிலும் பெரிய வழக்கு நற்கருணைப் பாத்திரத்தைப் பற்றியது. தஞ்சாவூரில் சிப்பாயாயிருந்து, தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தாமே வாசித்து மனந்திரும்பிய ராஜநாயக்கன் என்பவர் உபதேசியாராக அமர்ந்து பல ஊர்களில் சபைகளை வளர்த்தார். அவர் ஆதி திராவிடர். அவருக்குக் குருப்பட்டம் அளிக்கலாமா என்ற ஆலோசனை எழுந்தபோது, அவர் கையால் நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர் இசையார் என்னும் காரணத்தால் அது கைவிடப்பட்டது. 1733இல் ஆரோனும் 1741இல் தியோகுவும் பட்டம் பெற்றனர். ராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே இறந்தார். சபையில் குழப்பம் நேராது ஒழுங்கு காத்தனர் என்று அம்மிஷனரிமாரைப் புகழ்வாரும் உளர். எவர் செலவில் அந்த ஒழுங்கு காக்கப்பட்டது என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

நூறாண்டு கழிந்தது. கல்கத்தா அத்தியட்சரான தானியேல் வில்ஸன் 1833ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தென்னாட்டுச் சபைகளுக்கு ஒரு நிருபம் விடுத்தார். சபையில் ஜாதி வித்தியாசம் உடனே, தீர்க்கமாக, என்றைக்குமாக ஒழிய வேண்டும் என்பது அதன் கருத்து. அவருக்கு முன்னிருந்த ஹீபர் அத்தியட்சர் இவ்விஷயத்தில் நிதானமாய் விசாரித்து நடக்க எண்ணினார். ஆனால் 1826இல் தஞ்சையில் ஈஸ்டர் ஆராதனை நடத்திய சில நாட்களுக்குள் திருச்சிராப்பள்ளியில் காலமானார். வில்ஸனின் நிருபம் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியில் பெருந்திரளானோர் சபையைவிட்டு வெளியேறினர். தஞ்சையிலும் பிளவுண்டாயிற்று. பிற்பாடு இவர்களிற் பலர், ஜாதியை உலக வழக்கமென்று கருதிப் பொறுத்த லீப்ஸிக் லுத்தரன் மிஷனைச் சார்ந்தனர்.

வெளியேறினவர்களை வெறும் குலகர்விகள் என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அங்ஙனம் தள்ளோம். அக்கட்சியின் பெரும் புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சுவார்த்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டவர். சரபோஜி மன்னரோடு இளமையில் கல்வி பயின்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். புதிதாய் வந்த மிஷனரிமார் தம்மக்களுக்கு நான்கு கொடுமைகள் செய்தனர் என்று அவர் 1829ஆம் வருஷத்தை ஒட்டி எழுதினார். வேத புத்தகத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. ஜாதிகளைக் கலக்கும்படி வற்புறுத்தியது ஒன்று. பண்டிகைகளில் பூவை விலக்கியது ஒன்று. தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆலயத்தினின்று தள்ளியது ஒன்று.

இந்நான்கனுள் ஒன்று ஏனைய மூன்றோடு சேராதது. பூவும் பாட்டும் பழகிய வேதச் சொல்லும் தமிழர் தம் பக்தியைக் காட்டும் வழிகள். அவற்றைக் கூச்சலென்றும் அலங்காரமென்றும் எண்ணி விலக்கிய ஐரோப்பியர், தம் நாட்டு மௌனமே வணக்கம் என்று மயங்கினர். இவ்விடத்தில் சாஸ்திரியார் சொன்னதே சரி. அவர் இயற்றிய பாடல்களைச் சபையார் பின்பு ஆலயங்களில் தாராளமாகப் பாடலாயினர். ஆனால் பந்தியில் பிரிவினை என்னும் நான்காவதை இவற்றோடு ஒரே மூட்டையிற் கட்டியது அவருடைய பிழை. பூவை விலக்கினால் தேவனுக்குச் செய்யும் உபசாரம் ஒன்று குறையும். ஜாதியை விலக்கினால் ஒருவனுடைய அந்தஸ்து மாத்திரமே குறையும். அவ்வளவு பெரிய புலவருக்கு இவ்வேற்றுமை புலப்படவில்லையே என்பது வருத்தத்துக்குரியது. மிஷனரிமாரும் இவ்விரண்டையும் ஒன்றாகவே கட்டித் தூக்கி எறிய முயன்றனர்.

இவ்விஷயத்தில் நம் தேசத்தார்மட்டும் குற்றவாளிகள் என்று எவரும் கருத வேண்டா. இங்கிலாந்து தேசத்து ஆலயங்களில் 19ஆம் நூற்றாண்டிலும் செல்வர் வாடகை கொடுத்துத் தமக்கெனப் பலகையாசனங்களைப் பற்றிக்கொண்டனர். ஏழைகளுக்கு எஞ்சிய இடமே. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்ஸலோம் ஜோன்ஸ் என்னும் நீக்ரோ பக்தர் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, அது உமக்குரிய இடமன்று என்று ஆலய நிர்வாகிகள் அவரைப் பிடித்துத் தூக்கினர். ஜெபம் முடியட்டும் என்று அவர் வேண்டியும் கேட்டிலர். அவரும் ரிச்சர்டு ஆலனும் தம் மக்களோடு வெளியேறி, 1794இல் தனித்தனி ஆலயங்களை நிறுவினர். அன்று ஆராதனையின் அமைதியைக் குலைத்தவர் முழங்காலில் நின்றவரா, ஒழுங்கு காக்க வந்தவரா?

இனி நம் நாட்டில் சுவர் எந்த அளவுக்கு வளர்ந்தது என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தைப் பார்ப்போம். புதுச்சேரிச் சுவர் இடிந்த அதே 1745ஆம் வருஷத்தில், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்ட பிள்ளை தேவசகாயம் என்னும் பெயரோடு ஞானஸ்நானம் பெற்றது இவ்வூரில்தான். அவர் 2022இல் ரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டார். ஜாதி பேதம் பாராது எல்லோரோடும் பழகியவர் என்பது அவரைப் பற்றிய புகழ்களுள் ஒன்று. அவ்வூரிலேயே வேளாளரும் நாடாரும் ஆலயத்தில் இடம் குறித்து நெடுங்காலம் பிணங்கினர். 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இப்பிணக்குக்குக் கல்லாலும் சுண்ணாம்பாலும் செய்த சமாதானம். பீடம் ஒன்று, அதனின்று கவட்டைபோல் பிரியும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளரும் அவரைச் சார்ந்தோரும், மற்றொன்றில் நாடாரும் பிறரும் அமர்வர். ஒருவரை ஒருவர் காணாதபடி இடையே சுவர். குருவானவர்மட்டும் இருதிறத்தார் கண்ணுக்கும் தெரிவார். இதனைக் காற்சட்டைக் கோயில் என்று ஜனங்கள் ஏளனமாய் அழைத்தனர்.

ஒழுங்கு என்ற அளவில் பார்த்தால் இதனினும் சிறந்த ஏற்பாடு கிடையாது. தள்ளுமுள்ளு இல்லை, முந்துவார் பிந்துவார் இல்லை. ஆனாலும் பிணக்கு ஓயவில்லை. 1910இல் கௌசானல் சுவாமியார் அச்சுவரை இடிப்பித்தார். வேளாளர் தரப்பினர் தம் பழைய உரிமை பறிபோயிற்று என்று நியாயஸ்தலம் ஏறினர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. ஆலயத்துள் ஜாதிவாரியாக இடம் கோரும் உரிமையை நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. சுவர் மறுபடி எழவில்லை.

ஒரு ஜாதிச் சங்கத்தின் பத்திரிகையில் ஜாதிச் சுவரைக் குறைகூறுவது பொருந்துமா என்று நம் அன்பர் சிலர் கேட்கக்கூடும். பிள்ளைகளுக்குக் கல்விச் சகாயம் செய்யவும், ஏழைக் குடும்பங்களின் விவாகச் செலவைக் குறைக்கவும், வழக்குகளைப் பஞ்சாயத்தில் தீர்க்கவும் கூடுவது சங்கம். ஆலயத்தில் பிறனொருவன் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது எந்தச் சங்கத்தின் விதியிலும் இல்லை. நம்மவருள் கிறிஸ்தவர்களாயுள்ளோர் சபைகளில் மூப்பராகவும் கமிட்டி அங்கத்தினராகவும் இருக்கின்றனர். ஒழுங்கைப் பற்றிய தீர்மானங்கள் அவர்கள் கையொப்பத்தோடு வெளிவருகின்றன. ஆதலின் இவ்வியாசத்துக்கு இங்கே இடமுண்டு.

வடக்கன்குளத்துச் சுவர் வீழ்ந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆலயங்களுக்குள் அத்தகைய சுவரை இனி எவரும் கட்டத் துணியார். ஆயினும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்களின் நடுவே எழுப்பிய சுவர்கள் நெடுங்காலம் நின்றன; அவற்றை அகற்றக் கோரித் திருச்சிராப்பள்ளியில் இந்த 21ஆம் நூற்றாண்டிலும் கிளர்ச்சி நடந்திருக்கிறது.