பொலூசைட்: கூட்டலில் குறைந்த 7 விழுக்காடு

நிறமில்லாமலோ வெண்மையாகவோ, சாதாரணப் படிகக்கல் போல இருக்கும் பொலூசைட். வழியில் கிடந்தால் யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள். ஆனால், சீசியம் என்ற அரிய உலோகம் கிடைக்கும் முதன்மைக் கனிமம் இதுதான்.

பூமிக்கடியில் கிரானைட் குழம்பு ஆறி இறுகும்போது பெரும்பாலான தனிமங்கள் முதலிலேயே படிகங்களாகிவிடுகின்றன. அளவில் பெரிய சீசியம் அவற்றில் எளிதில் பொருந்துவதில்லை. கடைசியில் எஞ்சும் குழம்பில் அது சேர்ந்துகொண்டே வரும். அந்த எச்சம் இறுகி உருவாகும் பெக்மடைட் பாறைகள் சிலவற்றில் மட்டுமே பொலூசைட் அகப்படுகிறது.

இத்தாலியின் எல்பா தீவில் கிடைத்த இக்கனிமத்தை 1846இல் ஜெர்மானியர் ஆகஸ்ட் பிரைட்ஹாப்ட் விவரித்தார். உடன் கிடைத்த இன்னொரு கல்லையும் சேர்த்து, கிரேக்கப் புராண இரட்டையரான கேஸ்டர், பொலக்ஸ் பெயர்களைச் சூட்டினார். நம் பஞ்சாங்கத்தில் புனர்பூசமாக வரும் அதே இரு விண்மீன்களின் பெயர்கள்தாம் இவை.

கல்லைப் பகுத்தாய்ந்த கார்ல் பிளாட்னருக்குக் கணக்கு உதைத்தது. கூறுகளைக் கூட்டினால் ஏறக்குறைய 93 விழுக்காடுதான் வந்தது. அவர் எண்களைத் திருத்தவில்லை. வந்ததை வந்தபடியே வெளியிட்டார். 1858இல் காலமானார்.

இரண்டே ஆண்டுகளில், 1860இல், புன்சனும் கிர்க்காஃபும் டுர்க்ஹைம் ஊற்றுநீரில் சீசியத்தைக் கண்டுபிடித்தனர். 1864இல் பிசானி பொலூசைட்டை மீண்டும் ஆய்ந்தார். பிளாட்னர் பொட்டாசியம் என்று கருதியது உண்மையில் சீசியம்! அதன் அணு பொட்டாசிய அணுவைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. எடை குறைந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. கல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சீசியம் ஆக்சைடு.

கனடாவின் மனிடோபா மாநிலத்திலுள்ள டான்கோ சுரங்கமும் ஸிம்பாப்வேயின் பிக்கிட்டாவும் இதற்குப் பேர்போனவை. பிரித்தெடுத்த சீசியம் 28.5 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். நம் ஊர் நண்பகலில் திடமாக நிற்காது. தண்ணீர் பட்டால் வெடிக்கும். இதிலிருந்து செய்யப்படும் சீசியம் ஃபார்மேட் கரைசல், தண்ணீரைவிட இரு மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவோர் இதை வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள்.

அணு உலை விபத்துச் செய்திகளில் அடிபடும் கதிரியக்க சீசியம் 137 வேறு. பொலூசைட்டில் இருப்பது கதிரியக்கமற்ற சீசியம் 133. 1967 முதல் உலகம் ஒரு விநாடியை அளப்பதும் இந்த அணுவைக் கொண்டுதான்: அதன் 9,192,631,770 அதிர்வுகள் ஒரு விநாடி.