பொச்சாவாமை: ஒரு சொல்லின் வரலாறு

இக்காலத்து உடல்நலமும் உளநலமும் பற்றிப் பேசுவோர் நாவிற் பெரிதும் பயில்வது ‘மைண்ட்புல்னஸ்’ என்னும் ஆங்கிலச் சொல். உண்ணுங்கால் உண்டலையும், நடக்குங்கால் நடத்தலையும், மூச்சு வருங்கால் மூச்சையும் உள்ளம் பிறிதொன்றிற் சிதறாது அறிந்திருத்தல் அதன் பொருளென்பர். அதனைத் தமிழாக்கப் புகுந்தோர் சிலர் ‘மனநிறைவு’ என்றெழுதுகின்றனர். மனநிறைவாவது போதுமென்னும் உவகை. சொல்லின் உறுப்புக்களைத் தனித்தனியே பெயர்த்து ஒட்டியதனால் வந்த வழு இது. வேறு சிலர் ‘நினைவாற்றல்’ என்பர். அது தேர்வெழுதும் மாணாக்கர்க்கு வேண்டுவது. ஆயினும் இப்பிற்கூறிய வழுவினுள் ஓருண்மை மறைந்து கிடக்கின்றது.

என்னை? அவ்வாங்கிலச் சொல்லை இப்பொருளில் நிலைபெறச் செய்தவர் ரைஸ் டேவிட்ஸ் என்பார். அவர் இலங்கையில் ஆட்சிப்பணி புரிந்த காலத்துப் பாளிமொழி பயின்று, பின்னர்ப் பௌத்த சூத்திரங்கள் சிலவற்றை மொழிபெயர்த்து 1881இல் வெளியிட்டார். ‘சதி’ என்னும் பாளிச் சொல்லுக்கு அவர் கொண்ட பெயர்ப்பே அது. சதியென்பது வடமொழியில் ஸ்மிருதி; நினைவு என்பதே அதன் முதற்பொருள். ஆகவே அது வெறுங் கவனித்தலன்று, மறவாதிருத்தலாம். தமிழிற் பௌத்தரது எண்வகை நெறியைக் கூறுவோர் இவ்வுறுப்பினை ‘நற்கடைப்பிடி’ என வழங்குவர். கடைப்பிடியாவது மறவாது உறுதியாய்ப் பற்றி நிற்றல். ஆங்கிலப் பெயர்ப்பினும் இது மூலத்திற்கு அணித்தென்பது எம் கருத்து.

இனி, இச்சொற்கு உறவாயதொன்றைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே பெயராக வைத்தனர். ஐம்பத்துநான்காம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாத்தல் மறத்தலாகலின், பொச்சாவாமை மறவாமையாம். பாளியிலுள்ள தம்மபதத்தின் இரண்டாம் பகுதியும் ‘அப்பமாதம்’ என்னும் எதிர்மறைப் பெயரே பூண்டு நிற்கின்றது. இருமொழியும் இந்நலத்தை உடன்பாட்டாற் கூறாது, அதன் மறுதலையை விலக்கிக் கூறுதல் நோக்கத்தக்கது. ஒற்றுமை இவ்வளவினில் நில்லாது. அப்பமாதத்தால் விலக்கப்படும் ‘பமாதம்’ களித்தல், வெறித்தல் என்னும் பொருளுடைய ‘மத்’ என்னும் பகுதியிற் பிறந்தது. வள்ளுவரோ, இம்மறதிக்குத் துயரத்தைக் காரணமாக்காது, மிக்க உவகையின் மகிழ்ச்சியையே காரணமாக்கி, அஃது அளவிறந்த சினத்தினுந் தீதென்றனர். ‘மகிழ்’ என்னுஞ் சொற்குப் பண்டைத் தமிழிற் கள் என்றும், கட்களிப்பென்றும் பொருளுண்மை புலவர் அறிவர். துன்புற்றவன் மறவான், செல்வமும் வலியும் பெற்றுக் களித்தவனே மறப்பான் என்பது இருசாரார்க்கும் ஒத்த துணிபு. இக்கால நூல்கள் கவலையுற்றோனுக்கே இப்பயிற்சியை மருந்தாகக் கூறுதலை இதனோடு ஒப்புநோக்குக. மற்றும், வள்ளுவர் இவ்வதிகாரத்தை வைத்த இடம் துறவறவியலன்று, பொருட்பாலின் அரசியல். சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் நடுவண் அஃதுளது. மறவாதிருக்க வேண்டுவோன், முதற்கண், பிறரை ஆள்வோன்.

துறவிக்கும் வேந்தனுக்கும் உரிய இம்மறவாமை நாட்கூலித் தொழிலாளர் கைக்கு வந்த வரலாற்றினை அறிய வேண்டின், எமது கெலமங்கலத்தினின்று வடமேற்கே நோக்குதல் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லையூர் இது. இங்கே கன்னடச் செய்தி அயற்செய்தியன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கல்யாண நகரில் பசவண்ணரைச் சூழ்ந்த அடியார் கூட்டத்தில் கயிறு திரிப்போரும் தோணி விடுவோரும் இருந்தனர். தத்தம் தொழிலை அவர்கள் ‘காயகம்’ என்று வழிபாடாகவே கொண்டனர். அவருள் ஆய்தக்கி மாரய்யர் என்பார் சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி வந்து அடியார்க்கு அமுதளித்தவர். கன்னடத்து ‘ஆய்’ நாம் கீரை ஆய்தல் என்பதன்கண் உள்ள ஆய்தலே. ‘அக்கி’ நம் அரிசிக்கு உடன்பிறப்பு. ஒருநாள் அவர் வழக்கத்தின் மிக்க அரிசி கொணர, மனைவியார் லக்கம்மையார், ‘இஃது ஆசை, மிகுதியைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே இடுக’ என்று திருப்பி விடுத்தனர். மற்றொரு நாள் அவர் பெரியோருடன் ஞானம் பேசியிருந்து தொழிலை மறக்க, ‘காயகம் நின்றது, எழுந்து செல்க’ என நினைவூட்டியவரும் அவ்வம்மையாரே. அக்கூட்டத்து அல்லமதேவரது சரிதத்தைத் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டிற் கன்னடத்தினின்று பிரபுலிங்கலீலையாகத் தமிழர்க்கு ஈந்தனர்.

மாரய்யரது வசனமொன்று ஈண்டுக் கருதற்பாலது. காயகத்தில் ஈடுபட்டவன் குருதரிசனத்தையும் இலிங்க பூசையையும் மறத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. மறவாமையைப் போற்றியவர் மறக்கச் சொல்லுதல் முரணன்றோ எனின், அன்று. களிப்பால் வரும் மறதி வேறு. செய்யும் தொழிலையே கைலையாகக் கண்டு அதன்கண் ஒன்றுதலால் வரும் மறதி வேறு. முன்னையது பொச்சாப்பு. பின்னையதற்கு, சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்னும் நம் சித்தாந்தக் கொள்கையே உரையாம். உயிர் எதனைச் சார்ந்து நினைகின்றதோ அதுவாகவே நிற்குமாதலின், கவனம் உளதா என்பதனோடு அமையாது, எதன்கண் உளது என்பதும் வினவப்படும்.

இனிப் பிற்காலச் செய்தியைச் சுருங்கக் கூறுவாம். 1885இல் மாந்தளை ஆங்கிலேயர் வசமாகிப் பருமிய அரசு வீழ்ந்தது. புரவலனை இழந்த பௌத்த நெறியை இல்லறத்தாரே தாங்குக என்று லெடி சயாதோ (1846–1923) போன்றோர் தியானத்தைப் பொதுமக்கட்குக் கற்பித்தனர். அம்மரபு வழியே கோயங்கா 1969இல் இந்தியாவிற் போதிக்கத் தொடங்கினர். 1979இல் ஜான் கபட்-ஜின் என்பார் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதனைப் பல வாரப் பயிற்சியாக்கி, சமயக் கோட்பாட்டை நீக்கி, நோயாளர்க்கு வழங்கினர். பயன் யாதெனின், 47 சோதனைகளையும் 3,515 பேரையும் தொகுத்தாய்ந்து 2014இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று, தியானப் பயிற்சியால் மனக்கவலையும் மனச்சோர்வும் உடல்வலியும் ஓரளவு தணியும் என்றும், உடற்பயிற்சி, மருந்து முதலியவற்றினும் அது சிறந்ததென்பதற்குச் சான்றில்லை என்றும் முடிபு கூறிற்று. அளவான இம்முடிபு எமக்கு உடன்பாடே. திருமூலரும் மூன்றாந் தந்திரத்தில் மூச்சினை நெறிப்படுத்தலை விரித்தோதினர். உடம்பைப் பேணுதலை அவர் இகழ்ந்திலர்.

கேழ்வரகும் கொள்ளும் விளைந்த எம் ஒன்றியத்தில் இன்று கைப்பேசியின் உறுப்புக்கள் செய்யும் பெருந்தொழிற்சாலை நிற்கின்றது. உலகினர் கவனத்தை நொடிதோறும் ஈர்க்கும் கருவி, இங்குள்ள இளம்பெண்கள் கண்ணிமையாது காக்கும் கவனத்தால் உருவாகின்றது. இரவுமுறை முடித்து வைகறையிற் பேருந்தில் தலைசாய்த்து உறங்குவோர்க்கு, மூச்சைக் கவனிமின் என்று எவரேனும் அறிவுரை கூறலாம். அது பயன்படுதலுங் கூடும். ஆயின் அவர்கள் பகலெல்லாம் உறங்க ஓரிடமும், முறை மாறுமுன் போதிய ஓய்வும் உளவா என்று நினைந்திருத்தல் அவர்களை ஆள்வோர் கடன். வள்ளுவர் அவ்வதிகாரத்தை அரசியலில் வைத்தனர். லக்கம்மையார் அரிசியைத் திருப்பியனுப்பியதும், பசித்துப் பொறுக்கியவனது கவனம் குறைந்ததென்றன்று. அளவின் மிக்கது கைக்கு வந்ததென்றே.