விதியும் உரையும்: நெடுந்தொலைவுக் கார் பந்தயத்தின் சில தீர்ப்புகள்

பந்தயம் என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பது வேகம். ஆனால் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருபத்துநான்கு மணி நேரக் கார் பந்தயத்தின் வரலாற்றைப் புரட்டுவோர், வேகத்துக்கு நிகராக வேறொன்றையும் பக்கந்தோறும் காண்பர். அது விதிநூல். ஒரு பகலும் ஓர் இரவும் உறக்கமின்றி ஓட்டி முதலாவதாக வந்த பின்னரும், பரிசோதகர் ஒருவர் காரின் அடியில் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினால் வெற்றி கைநழுவிவிடும்.

இலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. நூற்பா சுருங்கிய சொற்களால் ஆனது; அதற்குப் பொருள் காண்பவர் உரையாசிரியர். நல்ல உரை நூற்பாவுக்கு அடங்கி நிற்கும். உரையாசிரியரே புதிதாய் ஒரு நூற்பா இயற்றிக்கொண்டு, அதையும் மூலத்தில் உள்ளதாகவே காட்டத் தொடங்கினால், மாணவன் எதை நம்பிப் படிப்பான்? லெ மான் பந்தயத்தை நடத்தும் 'மேற்குப் பகுதி மோட்டார்க் கழகம்' வழங்கிய தீர்ப்புகள் சிலவற்றை இவ்வளவுகோலால் நோக்குவது பயனுடைத்து.

முதற்கண் 1953. ஜாகுவார் நிறுவனத்தின் இரு கார்கள் ஒரே எண்ணைத் தாங்கியவாறு பயிற்சி ஓட்டத்தில் ஒரே வேளையில் ஓடியது கண்டறியப்பட்டது. டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஆகிய இருவரும் ஓட்டவிருந்த காருக்குத் தகுதிநீக்கம் அறிவிக்கப்பட்டது. பின்னர் நிறுவனம் அபராதம் செலுத்தியது, தடை விலக்கப்பட்டது. அவ்விருவருமே அவ்வாண்டின் வெற்றியாளர் ஆயினர். சராசரி வேகம் மணிக்கு நூறு மைலைக் கடந்த முதல் லெ மான் வெற்றியும் அதுவே. பிழை சிறிது, அதனால் எவர்க்கும் இழப்பில்லை என்று கருதி நடுவர்கள் இரங்கினர் எனலாம். ஆனால் இரக்கம் நடுவரின் கையில் இருக்குமாயின் கடுமையும் அவர் கையில்தான் இருக்கும். ஒன்பது ஆண்டுகள் கழித்து அது வெளிப்பட்டது.

1962ஆம் ஆண்டு ஆங்கிலேயரான காலின் சாப்மன் தம் லோட்டஸ் நிறுவனத்தின் 23ஆம் மாதிரிக் கார்களை லெ மானுக்குக் கொண்டுவந்தார். சிறியவை, எடை மிகக் குறைந்தவை. அதற்கு முந்திய மே மாதத்தில்தான் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில், ஈரத் தரையில், ஜிம் கிளார்க் இவ்வகைக் கார் ஒன்றைக் கொண்டு தன்னினும் பன்மடங்கு ஆற்றல் மிக்க கார்களைத் தொடக்கச் சுற்றுகளில் பின்னுக்குத் தள்ளியிருந்தார். லெ மானிலோ, ஒட்டுமொத்த வெற்றியோடு, எஞ்சினின் அளவுக்கேற்பக் கணக்கிடப்படும் 'செயல்திறன் குறியீடு' என்றொரு பரிசும் இருந்தது. ஐம்பதுகளில் அப்பரிசைப் பெரும்பாலும் பிரெஞ்சுச் சிறு கார்களே வென்றுவந்தன. 1957இல் லோட்டஸ் அதைத் தட்டிச் சென்றது. இப்பின்னணி இன்றி அடுத்து நடந்ததை விளங்கிக்கொள்ள இயலாது.

பரிசோதகர்கள் பல குறைகளைச் சுட்டினர். அவற்றுள் ஒன்று சக்கரம் பற்றியது. முன்சக்கரம் நான்கு போல்ட்டுகளாலும், பின்சக்கரம் ஆறு போல்ட்டுகளாலும் பொருத்தப்பட்டிருந்தன. காரில் வைத்திருக்கும் ஒரே ஸ்டெப்னி இரண்டு இடத்துக்கும் எவ்வாறு பொருந்தும் என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. சாப்மனும் அதை மறுத்துக்கொண்டிருக்கவில்லை. நான்கு போல்ட்டுகள் கொண்ட பின்சக்கர அமைப்பை இங்கிலாந்தில் விரைந்து செய்வித்து விமானத்தில் தருவித்துப் பொருத்தினார். இப்போது பரிசோதகர்கள் வேறு உரை கூறினர்: ஆறு போல்ட்டுகள் தேவையென்று முதலில் வடிவமைக்கப்பட்ட இடத்தில் நான்கு மட்டும் இருப்பது பாதுகாப்பற்றது!

ஆறு என்றால் ஸ்டெப்னி பொருந்தாது. நான்கு என்றால் பாதுகாப்பில்லை. விதிக்கு உடன்படும் வழி ஒன்றேனும் திறந்திருந்தால்தான் அது விதி. கார்கள் களத்தில் இறங்கவில்லை. லோட்டஸ் இனி லெ மானில் ஓடாது என்று சாப்மன் சூளுரைத்தார். 1982 திசம்பரில் அவர் மறையும் வரை அந்நிறுவனத்தின் சொந்த அணி அங்குத் திரும்பவே இல்லை. பிரெஞ்சுக் கார்களைக் காப்பதே பரிசோதகர் நோக்கம் என்று ஆங்கிலேயர் ஐயுற்றனர். நோக்கத்தை நாம் அறுதியிட வேண்டுவதில்லை. ஒரு குறை திருத்தப்பட்ட பின், அத்திருத்தத்தையே குறையாக்கிய செயல் போதிய சான்று.

இதற்கு நேர்மாறாக, நடுவர்மேல் பழி வந்தும் அவர்கள் பக்கம் பெரும்பிழை இல்லாத நிகழ்ச்சி 1966ஆம் ஆண்டினது. 2019இல் வெளியான ஆலிவுட் திரைப்படம் வழியாக இதனை அறிந்தோர் பலர். முதல் இடத்தில் கென் மைல்சும் டென்னி ஹல்மும் ஓட்டிய ஃபோர்டு கார். அடுத்து புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன் இணையின் ஃபோர்டு கார். இரண்டும் ஒருசேரக் கோட்டைக் கடக்கும் காட்சியை ஃபோர்டு நிறுவனத்தார் விரும்பினர். மைல்ஸ் வேகத்தைக் குறைத்தார். இரு கார்களும் 360 சுற்றுகள் முடித்திருந்தன. எனினும் மெக்லாரனின் காரே வென்றதாக அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் அது வரிசையில் சில மீட்டர் பின்னே நின்றிருந்தமையால், இருபத்துநான்கு மணி நேரத்தில் அத்தனை மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது என்பது காரணம்.

தகுதிச் சுற்றில் விரைவாக ஓட்டியவர் முன்னே நின்றார். முன்னே நின்றதனாலேயே தோற்றார் என்பது கேட்போர்க்கு உறுத்தும். ஆனால் இது மிகுதொலைவு ஓடியவரை வெற்றியாளராக்கும் பந்தயம். நடுவர்கள் அளந்தது அத்தொலைவையே. மைல்சின் இழப்புக்குக் காரணம் விதியன்று. ஒரு புகைப்படத்துக்காக ஓட்டுநரின் வேகத்தைத் தடுத்த நிறுவனமே. டேட்டோனா, செப்ரிங் ஆகிய பந்தயங்களில் அவ்வாண்டே வென்றிருந்த அவர், இரண்டே மாதங்களில், ஆகஸ்டு 17 அன்று, சோதனை ஓட்டமொன்றில் உயிர்நீத்தார். லெ மானில் முதலிடம் பெறும் வாய்ப்பு அவருக்கு மீண்டும் கிட்டவில்லை.

விதி தெளிவாயிருந்தும் நெஞ்சைச் சுடும் தீர்ப்பு ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு, பந்தயம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. முன்னணியில் டொயோட்டாவின் 5ஆம் எண் கார். ஓட்டியவர் கசுகி நகாஜிமா. திடீரென எஞ்சின் ஆற்றல் இழந்தது. நேர்ப்பாதையிலேயே கார் நின்றது. போர்ஷே அதைக் கடந்து வென்றது. நகாஜிமா எவ்வாறோ காரை மீண்டும் இயக்கி, ஊர்ந்து ஊர்ந்து இறுதிச் சுற்றை முடித்தார். அச்சுற்றுக்குக் கொண்ட நேரம் 11 நிமிடம் 53 வினாடிக்கும் மேல். விதி வகுத்த எல்லையோ 6 நிமிடம். வென்ற போர்ஷே முடித்த சுற்றுகள் 384, இக்காரும் 384. அதே அணியின் மற்றொரு கார் 381 சுற்றுகளோடு இரண்டாமிடம் பெற, 384 ஓடிய கார் முடிவுப் பட்டியலில் இடமே பெறாது போயிற்று.

கொடுமை என்று தோன்றும். ஆயினும் அவ்விதி அன்று காலையில் எழுதப்பட்டதன்று. பழுதுற்ற காரைக் கோட்டருகே நிறுத்திவைத்து, நேரம் முடிந்ததும் நகர்த்தி இடம்பிடிக்கும் பழைய உத்தியைத் தடுக்க எழுந்தது அது. தொடக்கக் கொடி அசையுமுன்னரே எல்லா அணிகளும் அறிந்தது. டொயோட்டாவைக் குறிவைத்து எவரும் உரை திரிக்கவில்லை. துயரம் வேறு, அநீதி வேறு. பார்வையாளரின் கண்ணீர் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். நடுவர் அவ்வாறு ஆக்கலாகாது.

இனி, குற்றம் ஐயமற நிறுவப்பட்ட பின் தண்டனை எவ்வளவு என்னும் வினா. 2018 லெ மானில் இரண்டாம் வகுப்பில் ஜி-டிரைவ் அணி இரு சுற்றுகள் முந்தி வென்றது. பந்தயத்துக்குப் பிந்திய சோதனையில், எரிபொருள் நிரப்பும் கருவியின் ஓட்டக் கட்டுப்படுத்தியில் கூடுதல் உறுப்பொன்று கண்டறியப்பட்டது. நிரப்பும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் மிச்சம். விதிநூல் இதனை வெளிப்படையாகத் தடுக்கவில்லை என்று அணியினர் வாதிட்டனர். அவர்களும் ஓர் உரை கண்டார்கள் எனலாம். நடுவர் குழு ஏற்கவில்லை; பன்னாட்டு மேல்முறையீட்டு மன்றமும் ஏற்கவில்லை. வெற்றி சிக்னாடெக் அல்பீன் அணியைச் சேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் டொயோட்டாவின் இரு கார்களும் நான்கு சுற்றுகள் முந்தி வந்தும், அடித்தட்டின் முற்பகுதி அளவுக்கு மேல் வளைந்தது என்று நீக்கப்பட்டன. களத்தின் ஓரக் கற்களில் மோதியதால் நேர்ந்த பழுது என்றது நிறுவனம். பயனில்லை. வேக ஆதாயம் கிடைக்கவில்லை என்பது தொழில்நுட்ப மீறலுக்கு விடையாகாது என்று பன்னாட்டு விளையாட்டு விதித்தொகுப்பு திட்டவட்டமாகக் கூறுகிறது.

இவற்றோடு அமெரிக்காவின் டேட்டோனா இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை ஒப்பிடுக. 2023 சனவரியில் அங்கு மேயர் ஷாங்க் அணியின் அக்யூரா கார் வென்றது. டயர்களின் காற்றழுத்தம் பாதுகாப்புக்கென வகுத்த குறைந்த அளவுக்குக் கீழே இருக்க, நடுவர்க்குச் செல்லும் தரவு சரியாக இருப்பதுபோல் மாற்றப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளியாயிற்று. மார்ச்சு மாதம் 200 புள்ளிகள் கழிக்கப்பட்டன, 50,000 டாலர் அபராதம், பரிசுத்தொகையும் பறிக்கப்பட்டது. ஆனால் வெற்றி மட்டும் அவர்களிடமே விடப்பட்டது. இரண்டாவதாக வந்த வேய்ன் டெய்லர் அணி பதிவேட்டில் இன்றும் இரண்டாவதே.

ஓரக் கல்லில் மோதி வளைந்த தட்டுக்கு வெற்றி போயிற்று; எண்ணிச் செய்த பொய்க்கு வெற்றி நிலைத்தது. பந்தயங்களை நடத்துவோர் வேறு வேறு அமைப்பினர், விதிநூல்களும் வேறு வேறு என்பது உண்மை. ஆயினும் தண்டனையை மீறியவரின் வலியைக் கொண்டு மட்டும் அளந்தால், அவரால் இழந்தவர் கணக்கில் வருவதே இல்லை. சாப்மனுக்கு விதி அறியப்படாமல் போயிற்று. நகாஜிமாவுக்கு அறியப்பட்டதே கடுமையாயிற்று. டேட்டோனாவில் இரண்டாவதாக வந்தவர்களுக்கு, அறியப்பட்ட விதி காத்துத் தந்தது ஒன்றுமில்லை. இம்மூவருள் நகாஜிமாவின் இழப்பே கண்ணுக்குப் பெரிது. முறை தவறாமல் நடத்தப்பட்டவரும் அவர் ஒருவரே என்பேன்.